ஐம்பதுக்கு ஒன்று

அளவம்மாவுக்கு அப்போது வயது ஐம்பத்தேழு. கணவருக்கு அறுபத்து மூன்று. வீடு இரண்டாவது மாடியில். மூன்று அறைகளில் கடைசி அறை அளவம்மாவின் வேலைக்கு. அந்த அறையில் ஏழு ஆண்டு பழைய கணினி ஒன்றும், மின்சாரம் நின்றால் இருபது நிமிடம் தாங்கும் யுபிஎஸ் ஒன்றும், ஆள் நீளத் தாளில் கோடு வரையும் பிளாட்டர் என்ற பெரிய அச்சு இயந்திரம் ஒன்றும், எஃகு அளவுகோல்கள் இரண்டும் இருந்தன. கதவின் பின்புறம் ஓர் ஆணியில் பழுப்பு அட்டையில் வெட்டிய கால்சட்டை வடிவம் தொங்கியது. கணினியில் இருந்த கோப்புகள் இருநூற்றுப் பதினான்கு. அதன் இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பை நிறுவும் வேலை ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது பத்துக்குத் தொடங்கிப் பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு முடிந்தது. நிறுவலில் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

அளவம்மா என்பது தெருவார் வைத்த பெயர். கடையில் வாங்கும் ஆயத்த உடை பொருந்தாத உடம்புகளுக்கு அவர் வெட்டுத்தாள் வரைந்து கொடுத்துவந்தார். ஒரு கால் குட்டையானவர், தோள் சரிந்தவர், முழங்காலில் இரும்புச் சட்டம் மாட்டியவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. மறுவாழ்வு மருத்துவமனையின் தையல் பிரிவு அளவுகளை அனுப்பும். இவர் கணினியில் வரைந்து, பிளாட்டரில் அச்சிட்டு, தாளைச் சுருட்டிக் கொடுப்பார். அங்கே அந்தத் தாளைத் துணிமேல் விரித்து அப்படியே வெட்டுவார்கள்.

தொழில் தொடங்கியது கணவரின் காலில். அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். ஒருநாள் வேலையிடத்தில் தவறி விழுந்து, ஒன்பது வாரம் கட்டிலில் கிடந்து எழுந்தபோது வலது கால் மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அப்போது பள்ளிச் சீருடைப் பட்டறையில் துணி வெட்டிக்கொண்டிருந்த அளவம்மா, கணவரின் பழைய கால்சட்டை ஒன்றைப் பிரித்து, நாடாவால் அவரை இடுப்பிலிருந்து பாதம்வரை அளந்து, பழுப்பு அட்டையில் புதிய வடிவம் வெட்டினார். மறுபரிசோதனைக்கு அந்த மருத்துவமனைக்குப் போனபோது, தையல் பிரிவு மேற்பார்வையாளர் அந்தக் கால்சட்டையைக் குனிந்து பார்த்து, "இது யார் வெட்டினது?" என்று கேட்டார். "வீட்டுல," என்றார் கணவர். மறு வாரமே முதல் அளவுத் தாள் வீடு தேடி வந்தது.

பிளாட்டர், மூடிப்போன செருப்புத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து இரண்டாம் கையாக வாங்கியது. கூடவே ஒரு குறுந்தட்டு வந்தது. கணினி சொல்வதைப் பிளாட்டர் புரிந்துகொள்வதற்கான மென்பொருள் அதில்தான் இருந்தது. முதல் நாள் கணவரின் அளவையே அச்சிட்டு அட்டைமேல் வைத்துப் பார்த்தார் அளவம்மா. அகலம் அச்சாகப் பொருந்தியது. நீளத்தில் மட்டும், ஐம்பது சென்டிமீட்டர் வரைந்தால் நாற்பத்தொன்பதுதான் வந்தது. மறுபடி அச்சிட்டார்; மறுபடியும் நாற்பத்தொன்பது. பழுதுபார்க்க வந்தவர் இயந்திரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார், மூடியைத் திறந்து ஊதினார், தீர்ப்புச் சொன்னார்.

"ரோலர் தேஞ்சிருக்கும்மா. தாளைக் கொஞ்சம் கொஞ்சமா வழுக்கி விடுது. இந்த மாடலுக்கு ரோலர் தேடுறதுக்குள்ள உங்களுக்குப் பேரன் பொறந்துடுவான்."

அளவம்மா வாதாடவில்லை. ஐம்பதுக்கு ஒன்று குறைகிறது என்றால் ஐம்பதுக்கு ஒன்று கூட்டி வரைந்தால் போயிற்று. அன்று முதல் ஒவ்வொரு நீளத்துக்கும் அந்த ஒன்றைக் கூட்டியே வரைந்தார். கூட்டல் விரலில் பழகிப்போயிற்று. அதை அவர் யாருக்கும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தாள் சரியாக வந்தது. உடை சரியாகப் பொருந்தியது. அதற்குமேல் என்ன வேண்டும்?

இடையில் கணினி இரண்டு முறை மாறியது. ஒவ்வொரு முறையும் அந்தக் குறுந்தட்டையே போட்டு அதே மென்பொருளை ஏற்றினார். தட்டின் உறைமேல் அவர் கையெழுத்தில், 'இது தொலைந்தால் நாம் தொலைந்தோம்' என்று எழுதியிருந்தது.

அதனால்தான் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று கணினி அறிவிக்கத் தொடங்கியபோது அவர் அதை ஏற்கத் துணியவில்லை. 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தான் இருந்தது. முகத்தில் உட்காரும் ஈயை விரட்டுவதுபோல் மூன்று ஆண்டுகள் அதை அழுத்தி விரட்டினார். பிறகு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அளவுத் தாள்கள் புதிய செயலி வழியாகவே வரும்; அது புதிய பதிப்பில் மட்டுமே திறக்கும். பழைய கோப்புகள் அனைத்தையும் இரண்டு மாதத்துக்குள் மருத்துவமனையின் வலைவழிப் பொதுக் கிடங்கில் ஏற்றிவிட வேண்டும். இனி எந்த ஊர்க் கிளையும் அவற்றை எடுத்து அங்கேயே அச்சிட்டுக்கொள்ளும். ஏற்றாதவர்களின் ஒப்பந்தம் நீளாது.

கடிதத்தை அவர் மூன்று முறை படித்தார். கணவருக்கு மாடிப்படி இறங்கி ஏறுவதே ஒரு நாள் வேலையாகிவிட்ட காலம் அது. பட்டறைக்குத் திரும்பிப் போய்ப் பத்து மணி நேரம் நின்று துணி வெட்டும் இடுப்பு அவருக்கும் இல்லை. வீட்டிலிருந்து செய்யும் இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை.

சனிக்கிழமைக்குத் துணையாக நாத்தனாரை வரச் சொன்னார். கணவரின் தங்கை அவள். தொலைபேசி நிலையத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அண்ணன் அவளைக் கூப்பிடுவதே 'எக்ஸ்சேஞ்ச்' என்றுதான். திரையில் எது வந்தாலும் உரக்கப் படிப்பது அவள் வழக்கம்.

முந்தின இரவே அளவம்மா கோப்புகளை இரண்டு பென்டிரைவிலும் ஒரு வெளி வட்டிலும் நகல் எடுத்திருந்தார். நம்பிக்கை போதாமல் முக்கியமான அளவுகளை நோட்டிலும் எழுதிவைத்தார். காலையில் வீட்டுக்குச் சட்டம் அறிவிக்கப்பட்டது: வேலை முடியும்வரை இஸ்திரிப் பெட்டி, மிக்சி, தண்ணீர் மோட்டார் எதையும் யாரும் தொடக் கூடாது.

"மூச்சு விடலாமா?" என்று கூடத்திலிருந்து கேட்டார் கணவர்.

"மெதுவா விடுங்க."

திரை கறுத்தது. நடுவில் ஒரு சிறு வட்டம் சுற்றத் தொடங்கியது.

"கணினியை அணைக்க வேண்டாம். இதற்குச் சற்று நேரம் ஆகலாம்," என்று படித்தாள் நாத்தனார். "சற்று நேரமாம் அண்ணி. நாங்களும் இப்படித்தான் சொல்லுவோம். லைன்ல இருங்கன்னு சொல்லிட்டு சாப்பிடப் போயிடுவோம்."

"நீ சும்மா இரும்மா. எனக்குக் கையெல்லாம் சில்லுன்னு இருக்கு."

முப்பத்திரண்டு சதவீதம்வரை வேகமாக வந்தது. அங்கே உட்கார்ந்தது. பத்து நிமிடம், இருபது, நாற்பது. அளவம்மா நாற்காலியிலேயே இருந்தார். எழுந்து போனால் அது கோபித்துக்கொள்ளும் என்பதுபோல ஓர் எண்ணம். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள் வட்டத்தோடு சேர்ந்து சுற்றின. கழுத்தின் பின்புறம் பலகைபோல் இறுகியிருந்தது. நாத்தனார் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அது ஆறி, மேலே ஆடை படிந்து, அப்படியே இருந்தது.

"இன்னும் முப்பத்திரண்டுதானா?" என்று சுவரைப் பிடித்தபடி வந்து எட்டிப்பார்த்தார் கணவர். "மாடிக்கு நடுவுல லிஃப்ட் நின்னா நாங்க ஒண்ணு செய்வோம். சாவியைப் போட்டு ஒரு திருப்பு..."

"அண்ணா, கையை எடு!" என்று நாத்தனார் போட்ட அதட்டலில் அவர் கை சுவருக்கே திரும்பிவிட்டது. "நீ திருப்பினதெல்லாம் போதும். ஒரு கால் போனது பத்தாதா?"

"ஏய் எக்ஸ்சேஞ்ச், கால் போகலை. மூணு சென்டிதான் போச்சு."

பதினொன்றரைக்கு முப்பத்து மூன்று வந்தது. அதன்பின் மளமளவென்று ஏறியது. கணினி தானாக மூன்று முறை அணைந்து எழுந்தது. ஒவ்வொரு முறை திரை இருண்டபோதும் அளவம்மா மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டார். கடைசியில் வெளிச்சம் வந்து கேள்விகள் தொடங்கின. எந்த மொழி, எங்கே இருக்கிறீர்கள், உங்கள் குரலைக் கேட்கலாமா, உங்களுக்கு ஏற்ற விளம்பரம் காட்டலாமா.

"ட்ரங்க் கால் கேட்டவங்களைக்கூட நாங்க இத்தனை கேள்வி கேட்டதில்ல," என்றாள் நாத்தனார். "எல்லாத்துக்கும் வேண்டாம்னு போடுங்க அண்ணி."

இருநூற்றுப் பதினான்கு கோப்புகளும் இருந்தன. அளவம்மா மேலிருந்து கீழ்வரை எண்ணிப் பார்த்தார். பிறகு உறையிலிருந்து குறுந்தட்டை எடுத்துப் போட்டார். 'இந்த மென்பொருள் இப்பதிப்பில் இயங்காது' என்றது திரை. அவர் உறையைத் திருப்பி, தான் எழுதியிருந்ததைப் பார்த்தார். ஆனால் அடுத்த நொடியே அதே திரை, பிளாட்டரைத் தானே அடையாளம் கண்டு, அதற்கான மென்பொருளைத் தானே வலையிலிருந்து எடுத்து ஏற்றிக்கொண்டதாகச் சொன்னது. பிளாட்டர் ஒருமுறை உறுமி, தலையை இடமும் வலமும் ஓட்டிப் பார்த்து, தயார் என்று பச்சை விளக்கு காட்டியது.

"பாருங்க, ஒரு பைசா செலவில்லாம!" என்றாள் நாத்தனார்.

அப்போது மணி இரண்டு நாற்பது. மருத்துவமனை வண்டி நான்கே காலுக்கு வரும். கொடுக்க வேண்டிய தாள்கள் பன்னிரண்டு. முதல் தாள் வெளியே வந்ததும் அளவம்மா எஃகு அளவுகோலை எடுத்து அகலத்தைச் சரிபார்த்தார். துல்லியம். நீளத்தையும் பார்க்கலாம் என்று தாளைத் தரையில் விரிக்கக் குனிந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அடுத்த தாள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. அகலம் சரி என்றால் நீளமும் சரி என்று நிமிர்ந்துவிட்டார். அன்று முழுவதும் அவர் செய்த ஒரே அவசரம் அது.

வண்டி நான்கே காலுக்கு வந்தது. பன்னிரண்டு சுருளும் போயின. எட்டாவது சுருள் தபால் வண்டி ஓட்டுநர் ஒருவருடையது. முழங்காலில் இரும்புச் சட்டம். சட்டத்தின் பூட்டைத் திறக்கக் கால்சட்டையில் முழங்காலுக்கு நேரே ஒரு திறப்பு. அவருடைய அளவுத் தாளின் ஓரத்தில் யாரோ பேனாவால், 'செவ்வாய்க்கிழமை முதல் நடை' என்று எழுதியிருந்தார்கள்.

"வரிசைல நான் பதிமூணாவது," என்றார் கணவர். "ரெண்டு மாசமா ஒரு பேன்ட் கேட்கிறேன்."

மிச்சமிருந்த தாளில் அளவம்மா அவருடைய கோப்பை அச்சிட்டார். பழக்கத்தின் காரணமாகக் கதவின் பின்னாலிருந்து அட்டையை எடுத்து, தாளின்மேல் வைத்தார். இடுப்பைப் பொருத்தினார். பக்கவாட்டுக் கோடு கோட்டோடு ஒட்டிக்கொண்டது. கையால் தடவிக்கொண்டே கீழே வந்தவர் பாதத்தருகில் நின்றுவிட்டார். அட்டை முடிந்த பிறகும் தாள் இரண்டு சென்டிமீட்டர் நீண்டிருந்தது.

அவர் அளவுகோலை எடுத்தார். கோப்பில் ஐம்பது என்றிருந்த கோடு தாளிலும் ஐம்பது இருந்தது. ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணி?"

"ரோலர் தேயவே இல்லம்மா," என்றார் அளவம்மா. "அந்த டிஸ்க்குதான் குறைச்சுக்கிட்டு இருந்திருக்கு. மிஷின் மேல எந்தத் தப்பும் இல்ல."

நாத்தனாருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் நிமிர்ந்தாள். "சரி, இதுல என்ன இருக்கு? நீளத்தை மட்டும் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுன்னு போட இங்கேயே ஒரு கட்டம் இருக்கு பாருங்க. புது அப்டேட் தப்பு பண்ணிடுச்சு, வேற தாள் தர்றேன்னு போன் பண்ணுங்க. அப்டேட்டைத் திட்டாதவங்க யாரு? யாரும் உங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க."

அது நடக்கக்கூடிய வழிதான். பன்னிரண்டு தாளை மறுபடி அச்சிட ஒன்றே கால் மணி நேரம். அளவம்மா அந்த வழியை நினைத்துப் பார்த்தார். நினைத்துப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்யாகும். உடம்பு முழுவதும் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆனால் பொதுக் கிடங்கு நினைவுக்கு வந்தது. அவர் அறையில் தொண்ணூற்றெட்டு என்று போடலாம். வேறோர் ஊரில், அவர் முகம் அறியாத ஒருவர் அதே கோப்பை எடுத்து அச்சிடும்போது யார் போடுவார்கள்? ஊன்றுகோலோடு முதல் அடி வைக்கும் ஒருவரின் குதிகாலின் கீழ் அந்த இரண்டு சென்டிமீட்டர் துணி போய் மாட்டும். இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் அப்படித்தான்.

"தப்பு புதுசுல இல்லம்மா," என்றார். "நான் வரைஞ்சதுல இருக்கு."

"நீங்க வேணும்னா செஞ்சீங்க?"

"வேணும்னுதான் செஞ்சேன். ஒவ்வொரு கோட்டுலயும்."

மணி ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. தையல் பிரிவு ஐந்தரைக்கு மூடும். அளவம்மா மேசையைப் பிடித்து எழுந்து, எண்ணை அழுத்தினார். எடுத்தவர் அதே மேற்பார்வையாளர். தலை நரைத்து, ஓய்வுக்கு ஓராண்டு மிச்சம் வைத்திருந்தவர்.

"சொல்லுங்கம்மா. சுருள் வந்துடுச்சு. ரெண்டு தாளைத் துணில வெச்சு வெட்டக்கூட ஆரம்பிச்சாச்சு."

"நிறுத்தச் சொல்லுங்க சார். தயவுசெஞ்சு இப்பவே."

மேற்பார்வையாளர் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு யாரையோ கூவியது கேட்டது. கத்தரி மேசையில் வைக்கப்பட்ட ஓசையும் கேட்டது. பிறகு அளவம்மா முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். குறுந்தட்டு, ரோலர், ஐம்பதுக்கு ஒன்று. அலங்காரமாக எதுவும் சொல்லவில்லை. அந்தத் தெம்பு அவரிடம் இல்லை.

மேற்பார்வையாளர் ஐம்பதுக்கு ஒன்று என்று திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமா நாங்க வெட்டினதெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"தாள் சரியா இருந்துச்சு சார். கோப்புதான் தப்பு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கணும் சார்."

"வெட்டினதுல ஒண்ணு அந்தத் தபால் வண்டிக்காரரோடது. முட்டித் திறப்பு ஒரு சென்டி இறங்கிப் போயிருக்கும். அவர் குனிஞ்சு பூட்டைத் தேடியிருப்பார்." ஒரு பெருமூச்சு. "சரி. திங்கட்கிழமை காலைல புதுத் தாள் வரணும். நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அதோட அனுப்புங்க. நான் மேல காட்டணும். கோப்பு எல்லாத்தையும் திருத்தாம கிடங்குல ஏத்த முடியாது. கெடு தேதி மாறாது. ஒப்பந்தம் பத்தி அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியாது. உங்களை விடக் கூடாதுன்னு நான் எழுதுவேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"அது போதும் சார்."

போனை வைத்தபோது அளவம்மாவின் காது சூடாக இருந்தது. நாத்தனார் ஆறிய டீயை எடுத்துக்கொண்டு போனாள். கணவர் தரையில் கிடந்த தாளையும் அட்டையையும் வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றார். "என் கால் நிஜமாவே மூணு சென்டி குட்டையா, இல்ல அதுவும் அந்த டிஸ்க் செஞ்ச வேலையா?"

அளவம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி, நடுவில் அழுது, மறுபடி சிரித்தார். "நாடாவால அளந்தது. அது நிஜம்."

"போச்சு. கொஞ்சம் நம்பிக்கை வந்துச்சு."

இருநூற்றுப் பதினான்கையும் ஒரே கட்டளையில் சுருக்கிவிட முடியவில்லை. தாளை மிச்சப்படுத்த, கோப்பில் நிமிர்ந்திருந்த சில துண்டுகளை அவர் அச்சிடும்போது மட்டும் குறுக்கே கிடத்துவார். அவற்றில் கூட்டல் வேறு பக்கத்தில் ஏறியிருந்தது. எந்தத் துண்டு எப்படிக் கிடந்தது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, ஒவ்வொரு கோடாக அந்த ஒன்றைக் கழித்தார். எழுபதாவது கோப்புவரை விரல் பழக்கதோஷத்தில் கூட்டவே போயிற்று. அதை இழுத்துப் பிடித்துக் கழிக்க வைத்தார். சில கோப்புகளின் உரியவர்கள் இப்போது உயிரோடு இல்லை என்று அவருக்குத் தெரியும். அவற்றையும் திருத்தினார். நாத்தனார் மாலைகளில் வந்து எண்களை உரக்கப் படித்தாள். குரல் கட்டும்வரை படித்தாள். ஒருநாளும் கேலி பேசவில்லை.

தபால் வண்டி ஓட்டுநர் செவ்வாய்க்கிழமை எழுந்து நின்றார் என்று மருத்துவமனை வண்டியில் வந்தவர் சொன்னார். நடந்தாரா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டும் நீட்டிக்கப்பட்டது. குறுந்தட்டை அளவம்மா எறியவில்லை. உறைமேல் எழுதியதை மட்டும் பேனாவால் ஒரு கோடு போட்டு அடித்தார்.

கோப்புகளைத் திருத்தி முடிக்க ஏழு வாரம் ஆயிற்று. அவற்றை வரைய ஆனவை பத்தொன்பது ஆண்டுகள்.